முழங்காலைத் தாண்டிய பார்

முனீஸ்வரி முதன்முதலாகப் போட்டி மேடை ஏறிய அன்று, மூன்று முறையும் எடை மாட்டிய இரும்புப் பார் அவள் கையைவிட்டு நழுவிக் கீழே விழுந்தது.

ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபம். முந்தின நாள் யாருக்கோ வளைகாப்பு நடந்த மேடையில் பலகை அடித்து, ரப்பர் விரித்து, மாவட்ட பவர்லிஃப்டிங் போட்டி வைத்திருந்தார்கள். ஓரத்தில் வாழைமரம்கூட அவிழ்க்காமல் நின்றது. பவர்லிஃப்டிங்கில் மூன்று வகை உண்டு. பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது ஸ்குவாட். மல்லாந்து படுத்து நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது பெஞ்ச். தரையில் கிடக்கும் பாரைக் குனிந்து எடுத்து நிமிர்ந்து நிற்பது டெட்லிஃப்ட். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு. மூன்றிலும் எடுத்த அதிகபட்ச கனத்தைக் கூட்டித்தான் இடம் போடுவார்கள். ஏதாவது ஒன்றில் மூன்று வாய்ப்பும் தவறிவிட்டால் மற்றதெல்லாம் கணக்கில் வராது. காலையிலிருந்து பட்ட பாடு அத்தனையும் இல்லை என்றாகிவிடும்.

அன்று முனீஸ்வரிக்கு அதுதான் நடந்தது. ஸ்குவாட்டும் பெஞ்சும் தடங்கல் இல்லாமல் முடிந்தன. பயிற்சியில் அவள் நன்றாக எடுப்பது டெட்லிஃப்டைத்தான். நூற்றுப் பத்து கிலோ தரையைவிட்டுக் கிளம்பி, முழங்காலைத் தாண்டி, தொடைக்கு வந்தது. அவள் நிமிரப்போகும் நேரத்தில் வலது கை விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பார் 'டமார்' என்று விழுந்தது. அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறையும் அப்படியே.

"வீட்டுல பால் சட்டியையாவது ஒழுங்காப் பிடிக்குமா இந்தம்மா?" என்று பின்வரிசையில் ஒருவன் சொன்னான். நான்கைந்து பேர் சிரித்தார்கள்.

உடம்போடு ஒட்டிய போட்டி உடுப்பில், உள்ளே அரைக்கை பனியன் போட்டுக்கொண்டு, ஆண்கள் நடுவே நிற்க வேண்டுமே என்று இரண்டு வாரமாகத் தூக்கமில்லாமல் இருந்தவள் அவள். அந்தக் கூச்சம் முதல் தடவை பார் விழுந்ததுமே போய்விட்டது. உடுப்பைப் பற்றி நினைக்க நேரமில்லை.

வண்டியில் திரும்பி வரும்போது, மடவார் வளாகம் கோயில் தாண்டியதும் அவள் கணவன் இருளப்பசாமி பேச்சை எடுத்தான். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து, இப்போது ஒரு வங்கி வாசலில் காவல் வேலை பார்ப்பவன். பேசாமல் இருப்பது அவன் இயல்பு அல்ல.

"ஏட்டி, கைதான வழுக்குச்சு? கால் வழுக்கலையே?"

"எல்லாம் ஒண்ணுதான். கீழ விழுந்துருச்சுல்ல."

"ஒண்ணு இல்லட்டி. எடுத்துட்ட. பிடிக்கத்தான் முடியல. அது வேற, இது வேற."

வன்னியம்பட்டி விலக்கில் வண்டி ஊருக்குத் திரும்பியபோது, முனீஸ்வரி வலது கையை விரித்து விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அப்போது நாற்பது முடிந்திருந்தது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பேக்கிங் பிரிவில் வேலை. நூல் சுற்றிய கோன்களை அடுக்கி, சாக்கில் கட்டி, தள்ளுவண்டியில் ஏற்றுவது. நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து, இடுப்பு வலி வந்து, காலையில் எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற நிலைக்கு வந்துவிட்டாள். எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "எலும்புல ஒண்ணும் இல்ல. தசைக்குப் பலம் இல்ல. முறையா உடற்பயிற்சி செய்யுங்க" என்றார். அதே பிரிவில் வேலை செய்யும் முத்தாத்தாள்தான் மில்லுக்குப் பக்கத்தில் இருந்த ஜூடியின் ஜிம்மைப் பற்றிச் சொன்னாள். முத்தாத்தாளே எடை குறைக்க அங்கே நான்கு நாள் போய், ஐந்தாம் நாள் நின்றுவிட்டவள்.

ஜூடி முனீஸ்வரியைவிட ஆறேழு வயது இளையவள். கல்லூரி நாட்களில் பவர்லிஃப்டிங்கில் மெடல் வாங்கியவள். அப்பா மைக்கேல் பஞ்சு வைத்திருந்த பழைய குடோனில் தகரம் மாற்றி, கண்ணாடி பதித்து ஜிம் நடத்தினாள். காலையும் மாலையும் இளவட்டங்கள் வந்து கண்ணாடி முன்னால் நிற்பார்கள். மதியம் மூன்றிலிருந்து ஐந்துவரை ஆள் இருக்காது. முனீஸ்வரியின் ஷிப்ட் விடுவது அந்த நேரத்தில்தான்.

முதலில் இடுப்புக்கான பயிற்சிகள் மட்டும் செய்தாள். வலி மெல்ல விட்டது. ஒருநாள் ஜூடி தரையில் பாரை வைத்து இரண்டு பக்கமும் எடைக்கான வட்டப் பிளேட் ஒவ்வொன்று மாட்டி, "இத எடுங்கக்கா, பாப்போம்" என்றாள். முனீஸ்வரி குனிந்து எடுத்து நிமிர்ந்து நின்றாள். வைக்கச் சொல்லும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.

"கனமா இருக்கா?"

"சாக்கவிட லேசு. பிடிக்கக் கம்பி இருக்குல்லா."

ஜூடி சிரித்தாள். அந்த மாதத்திலேயே முனீஸ்வரியைப் போட்டிக்கு அனுப்பும் எண்ணம் அவள் மனதில் விழுந்துவிட்டது.

அந்த முதல் போட்டி கைகொடுக்காமல் போன மறுநாள், ஜிம்மில் முனீஸ்வரியின் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள் ஜூடி. காய்ப்பு நடு உள்ளங்கையில் இருந்தது.

"பாரை உள்ள தள்ளிப் பிடிக்கீங்க. கனம் ஏறுனா அது உருண்டு விரலுக்கு வரும். வரும்போது விரல் திறந்துரும். மொதல்லயே விரல் அடில வச்சுப் பிடிக்கணும்."

பிடியை மாற்றினார்கள். ஒவ்வொரு முறை எடுத்து நிமிர்ந்த பிறகும் பாரை உடனே வைக்காமல் பிடித்துக்கொண்டே நிற்க வைத்தாள் ஜூடி. வீட்டில் இருளப்பசாமி தன் பங்குக்கு ஒன்று கண்டுபிடித்தான். குடிதண்ணீர் கேன் இரண்டை நிரப்பி, அவள் இரண்டு கையிலும் கொடுத்து, தெருமுனைவரை நடந்து வரச் சொன்னான். பின்னாலேயே கைபேசியில் நேரம் பார்த்துக்கொண்டு வருவான். பட்டாளத்தில் அவன் வாங்கின அதட்டலெல்லாம் இங்கே வெளியே வந்தது.

"ஏன்ணே, வீட்டுக்குத் தண்ணி கொண்டுபோற ஆளு திரும்பி ஏன் கொண்டுவருது?" என்று எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டார்.

"இது வேற தண்ணி" என்றான் இருளப்பசாமி.

கை சரியானது. அடுத்த வருட மாவட்டப் போட்டியில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் பிரிவில் முனீஸ்வரி முதலிடம் வந்தாள். அந்தப் பிரிவில் அன்று இருந்ததே இரண்டு பேர்தான். அதை அவளே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஆனால் மாநிலப் போட்டிக்குப் போகும் தகுதி கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு பார் முழங்காலில் நிற்கத் தொடங்கியது.

நூற்று முப்பதுவரை வரும். அதற்கு மேலே ஐந்து கிலோ ஏற்றினால் தரையிலிருந்து துள்ளிக்கொண்டு கிளம்பும். முழங்காலுக்குக் கீழே வந்து அப்படியே நிற்கும். அவள் பல்லைக் கடிப்பாள், முகம் சிவக்கும், தொடை நடுங்கும். பார் ஒரு விரல்கூட மேலே வராது. மாதக்கணக்கில் இதே கதை. ஜூடி பக்கவாட்டில் கைபேசியை வைத்துப் படம் எடுத்தாள். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து அதை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தார்கள். தன் உடம்பை அப்படிப் பக்கவாட்டில் பார்ப்பது முனீஸ்வரிக்குச் சிரிப்பாக இருந்தது.

"இங்க பாருங்கக்கா. பார் கிளம்புறதுக்கு முன்னாடியே இடுப்பு மேல போயிருது. பொறவு கால் வேலையே செய்யல. முதுகு மட்டும் இழுக்குது. பாரும் காலை விட்டு எம்புட்டு தள்ளிப் போகுது பாருங்க."

"இம்புட்டு இடைவெளி இருக்கா? எனக்கு ஒட்டி வாற மாதிரில்ல இருந்துச்சு."

காரணம் தெரிந்தாலும் உடம்பு கேட்க வேண்டுமே. கனத்தைப் பாதியாகக் குறைத்தாள் ஜூடி. முழங்காலுக்குக் கீழே கொண்டுவந்து அங்கேயே நிறுத்தி, மூச்சைப் பிடித்து, பிறகு மேலே போக வேண்டும். அக்குளில் ஒரு துண்டை இடுக்கியிருப்பதுபோல கையை உடம்போடு இறுக்க வேண்டும். அப்போதுதான் பார் காலை விட்டு விலகாது. விலகாத பார் முன்கால் எலும்பை உரசிக்கொண்டு வந்தது. தோல் சிராய்ந்தது. மில்லில் சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகியபோது முத்தாத்தாள் பார்த்துவிட்டாள்.

"என்னட்டி இது, யாரு அடிச்சா?"

"இரும்பு அடிச்சது" என்றாள் முனீஸ்வரி. மறுநாளிலிருந்து பயிற்சிக்கு முழங்கால்வரை வரும் ஃபுட்பால் சாக்ஸ் போட்டுக்கொண்டாள்.

இந்தப் பாதிக் கனத்து வேலை அவளுக்குப் பிடிக்கவே இல்லை. ஐந்து மணிக்கு மேல் வரும் பையன்கள்கூட அதைவிட அதிகம் எடுத்தார்கள். மாநிலப் போட்டி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு ஒரு பெரிய எண்ணைப் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. ஜூடிக்கும் அதே அவசரம். அவள் ஜிம்மிலிருந்து மாநிலப் போட்டிக்குப் போகும் முதல் ஆள் முனீஸ்வரி.

"நூத்தி நாப்பத்தஞ்சு போட்டுப் பாப்போமாக்கா? ஒரே ஒரு தடவ."

"போடு."

பார் முழங்காலில் நின்றது. "விடாதீங்க, விடாதீங்க, இழுங்க!" என்று ஜூடி கத்தினாள். முனீஸ்வரி இழுத்தாள். கீழ்முதுகில் துணி கிழிவதுபோல ஏதோ நடந்தது. பார் கீழே போனது. அவளும் அதன்மேல் கையை ஊன்றியபடி முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க முடியவில்லை.

தசைப்பிடிப்புதான், முதுகெலும்புத் தட்டு விலகவில்லை என்று டாக்டர் சொன்னார். ஆனாலும் இரண்டு வாரம் திரும்பிப் படுக்கக்கூட ஆள் வேண்டியிருந்தது. மில்லில் விடுப்பு சொன்னாள். மாநிலப் போட்டி அவள் இல்லாமலே நடந்து முடிந்தது. இருளப்பசாமி சோறு வடித்தான், துணி துவைத்தான், ஜூடியின் பெயரை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"போதும்ட்டி. மெடல் ஒண்ணு வாங்கியாச்சு. வலிய விலைக்கு வாங்கணுமா?"

முனீஸ்வரி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். வலி ஒரு பக்கம். ஜூடி ஒருமுறைகூட வராதது இன்னொரு பக்கம். போன் அடித்தால் எடுப்பதும் இல்லை.

நடக்க முடிந்ததும் அவள் முதலில் போனது மில்லுக்கு அல்ல. பஸ் ஏறி ராஜபாளையம் போய், மதியம் மூன்று மணிக்கு ஜிம் கதவைத் தள்ளினாள். ஜூடி பிளேட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் எழுந்து நின்றாள், பக்கத்தில் வரவில்லை.

"என்ன ஜூடி, ஆளு செத்துட்டாளா இருக்காளான்னு பாக்க வரக்கூடாதா?"

ஜூடியின் கண் கலங்கியது. "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வாரது? நான்தான்க்கா இழுங்கன்னு கத்துனேன். முழங்கால்ல நிக்குதுன்னு தெரிஞ்சும் கத்துனேன். இனிமே நான் யாருக்கும் போட்டிக்குச் சொல்லிக்குடுக்கப் போறதில்ல. நீங்களும் வேற ஆளப் பாத்துக்கோங்க."

முனீஸ்வரி பெஞ்சில் மெதுவாக, பக்கவாட்டில் கை ஊன்றி உட்கார்ந்தாள்.

"நீ கத்துன. இழுத்தது யாரு? எனக்கும் அவசரம் இருந்துச்சு. பாதிக் கனத்தைத் தூக்கிட்டு நிக்க எனக்குக் கேவலமா இருந்துச்சு. ரெண்டு பேரு சேந்து பண்ண தப்புக்கு நீ மட்டும் எதுக்குக் கடையச் சாத்துற? ஒரு கம்பு குடு."

"கம்பா?"

"பார் வேண்டாம். கம்பு போதும். குனியுறதுல இருந்து ஆரம்பிப்போம்."

ஜூடி உள்ளே போய் ஒட்டடைக் கம்பை எடுத்துவந்தாள். அன்று முனீஸ்வரி எடுத்தது அந்தக் கம்பை மட்டும்தான்.

கம்பிலிருந்து வெறும் பாருக்கும், வெறும் பாரிலிருந்து சின்ன பிளேட்டுக்கும் வர வெயில் காலம் முழுவதும் ஆனது. கனம் இல்லாததால் இருவருக்கும் பார்க்க நேரம் இருந்தது. அப்போதுதான் அசல் கோளாறு எங்கே என்று முனீஸ்வரிக்கே பிடிபட்டது. அது முழங்காலில் இல்லை. தரையில் இருந்தது. குனிந்து பிடித்ததும் ஒரு பயம் வரும். பார் வராமல் போய்விடுமோ என்ற பயம். அந்தப் பயத்தில் வெடுக்கென்று இழுத்துவிடுவாள். அந்த வெடுக்கில் இடுப்பு முந்திக்கொண்டு மேலே போய்விடும். அதற்குப் பிறகு முழங்காலில் நிற்காமல் என்ன செய்யும்?

"பாருக்கும் பிளேட்டுக்கும் நடுவுல கொஞ்சம் ஆட்டம் இருக்குல்ல ஜூடி. மொதல்ல அத மட்டும் இழுத்து எடுத்துட்டா என்ன?"

அவள் செய்து காட்டினாள். குனிந்து பிடித்து, அவசரப்படாமல் கையை நீட்டி இறுக்கினாள். பார் மேலே வந்து பிளேட்டின் துளையைத் தொட்டு 'டக்' என்று ஒரு சத்தம் கொடுத்தது. அந்தச் சத்தம் கேட்டபிறகு, கையால் இழுப்பதை மறந்து, காலால் தரையைக் கீழே தள்ளினாள். இடுப்பும் தோளும் ஒன்றாக எழுந்தன.

ஜூடி படத்தை மூன்று முறை ஓட்டிப் பார்த்தாள். "ரெண்டு வருசமா இதச் சொல்லிக்கிட்டுத்தான்க்கா இருக்கேன், வெடுக்குன்னு இழுக்காதீங்கன்னு."

"வெடுக்குன்னு இழுக்காதன்னு சொன்ன. அதுக்குப் பதிலா என்ன செய்யணும்னு காது கேக்குற மாதிரி ஒண்ணும் சொல்லலையே" என்றாள் முனீஸ்வரி. இருவரும் சிரித்தார்கள்.

அதன்பிறகு அந்தச் சத்தத்துக்காகக் காத்திருப்பதே அவள் பயிற்சி. கனம் மெல்ல ஏறியது. ஒரு வாரம் நன்றாக இருக்கும். அடுத்த வாரம் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்தால் போன வாரத்துக் கனமே வராது. அப்படி வராத நாளில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகக் கற்றுக்கொண்டாள். மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் கஷ்டமாக இருந்தது. முதுகுக்கும் தொடைப் பின்புறத்துக்கும் தனியாகப் பயிற்சி செய்தாள். இருளப்பசாமி மறுபடியும் தண்ணீர் கேனை வெளியே எடுத்துவைத்தான். மன்னித்துவிட்டேன் என்று அவன் ஜூடியிடம் சொல்லவில்லை. ஒருநாள் வாழைத்தார் ஒன்றை வண்டியில் கட்டிக்கொண்டுபோய் ஜிம் வாசலில் இறக்கிவிட்டு வந்தான்.

அடுத்த மாநிலப் போட்டி கரூரில். முனீஸ்வரியின் பிரிவில் இந்த முறை ஏழு பேர். ஸ்குவாட்டில் மூன்றாவதாக நின்றாள். பெஞ்சில் ஒன்று தவறி, ஐந்தாவதுக்கு இறங்கிவிட்டாள். டெட்லிஃப்ட் மட்டும் பாக்கி.

முதல் வாய்ப்பில் நூற்று முப்பத்தைந்து. வந்தது. இரண்டாவதில் நூற்று நாற்பத்தைந்து, அவள் முதுகு போன அதே கனம். குனிந்து பிடித்து, கையை நீட்டி இறுக்கினாள். 'டக்'. தரையைத் தள்ளினாள். நிமிர்ந்து நின்றுவிட்டாள். நின்ற மகிழ்ச்சியில், வைக்கலாம் என்று நடுவர் கையை இறக்குவதற்கு முன்பே பாரைக் கீழே வைத்துவிட்டாள். மூன்று சிவப்பு விளக்கும் எரிந்தன. எடுத்த கனம் கணக்கில் இல்லை.

ஜூடி தலையில் கைவைத்துவிட்டாள். ஒரு வாய்ப்புதான் மிச்சம். அதே நூற்று நாற்பத்தைந்தை மறுபடி எடுத்தால் நான்காம் இடம். நூற்று ஐம்பத்திரண்டரை எடுத்தால் இரண்டாம் இடம். அந்தக் கனத்தை ஜிம்மில் ஒருமுறைகூட எடுத்ததில்லை. எண்ணைச் சொல்ல ஒரு நிமிடம்தான் கொடுப்பார்கள். ஜூடி அவள் முகத்தைப் பார்த்தாள். இந்த முறை அவள் எதையும் சொல்லப்போவதில்லை என்று முனீஸ்வரிக்குப் புரிந்தது.

"நூத்தி ஐம்பத்திரண்டரை சொல்லிரு."

"முதுகு?"

"முதுகு நல்லா இருக்கு. அவசரப்பட்டு வச்சேனே ஒழிய, அது லேசாத்தான் வந்துச்சு. பாத்தேல்ல? வராட்டி கீழ விட்டுருவேன். சத்தியமா விட்டுருவேன்."

ஜூடி ஓடினாள்.

பெயரைக் கூப்பிட்டார்கள். முனீஸ்வரி கையில் வெள்ளைப் பொடியைத் தேய்த்துக்கொண்டு மேடைக்கு வந்தாள். பெரிய கூட்டம் இல்லை. மூன்றாவது வரிசையில் இருளப்பசாமி எழுந்து நின்றிருந்தான். எப்போதும் கத்துகிறவன் அன்று இரண்டு கையாலும் முன் நாற்காலியைப் பிடித்திருந்தான். அவள் குனிந்தாள். விரல் அடியில் பிடித்தாள். அக்குளை இறுக்கினாள். கையை நீட்டினாள்.

டக்.

தரையைத் தள்ளினாள். பார் கிளம்பியது. வேகமாக இல்லை, ஆனால் காலை ஒட்டிக்கொண்டு வந்தது. முழங்காலுக்கு வந்ததும் நின்றது. அரங்கிலிருந்த யாரோ "ஐயோ" என்றார்கள். இந்த இடம் அவளுக்குப் பழகிய இடம். இங்கே நிறுத்தி மூச்சைப் பிடித்து நின்ற மதியங்கள் கொஞ்சமா? முதுகு வளையவில்லை, பார் விலகவில்லை. அவள் இடுப்பை முன்னே தள்ளினாள். பார் ஒரு விரல் மேலே வந்தது. இன்னொரு விரல். முழங்காலைத் தாண்டியது. தொடையில் ஏறியது. தோளைப் பின்னுக்கு வாங்கி நேராக நின்றாள்.

நின்றுகொண்டே இருந்தாள். வலது கையில் ஒரு விரலும் அசையவில்லை. நடுவரின் கையை மட்டும் பார்த்தாள். கை இறங்கியது. "டவுன்." பாரை, குழந்தையைத் தொட்டிலில் இடுவதுபோல, சத்தமில்லாமல் வைத்தாள்.

மூன்று வெள்ளை விளக்கு.

முதலிடம் வந்த கோயம்புத்தூர்க்காரிக்குப் பெஞ்சும் ஸ்குவாட்டும் அதிகம். ஆனால் அன்று அந்தப் பிரிவில் டெட்லிஃப்டில் முனீஸ்வரி எடுத்ததைவிட அதிகமாக யாரும் எடுக்கவில்லை. மேடையைவிட்டு இறங்கியவளை ஜூடி கட்டிப்பிடித்து அழுதாள். இருளப்பசாமி பக்கத்தில் வந்து, "தண்ணி குடிக்கியாட்டி?" என்றான்.

ஊர் திரும்பி இரண்டு நாள் கழித்து, வன்னியம்பட்டி விலக்கில், மில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு ஃபிளெக்ஸ் முளைத்தது. முத்தாத்தாளும் பேக்கிங் பிரிவுப் பெண்களும் சேர்ந்து வைத்தது. 'மாநில அளவில் இரண்டாம் இடம் பெற்ற எங்கள் இரும்புப் பெண்மணிக்கு வாழ்த்துகள்' என்று சிவப்பில் எழுதி, அதற்குக் கீழே அவள் எடுத்த கனத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அச்சடித்த இடத்தில் புள்ளி விட்டுப்போய்விட்டது. '1525 கிலோ' என்று இருந்தது.

டீக்கடையில் அன்று விடிந்ததிலிருந்து இதே பேச்சு. ஒரு கார் அளவு கனமாச்சே, பொம்பள எப்படித் தூக்கியிருப்பா என்று ஒருவர் கேட்க, பட்டாளத்துக்காரன் பொண்டாட்டில்லா என்று இன்னொருவர் பதில் சொன்னார்.

"இன்னைக்கே கறுப்பு ஸ்டிக்கர் வாங்கிப் புள்ளி வச்சுருதேன்" என்றான் ஃபிளெக்ஸின் கீழே அவளோடு நின்ற இருளப்பசாமி. "அதுகூடப் பரவால்ல. நல்ல போட்டோ ஒண்ணு குடுத்திருக்கலாம்லா? கல்யாண வீட்டுல பட்டுச் சேலையில எடுத்தது இருந்துச்சே."

ஃபிளெக்ஸில் இருந்தது கரூரில் ஜூடி எடுத்த படம். பார் முழங்காலில் நிற்கும் நேரம். முனீஸ்வரியின் பல் முழுக்கத் தெரிந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது, கண் பாதி மூடியிருந்தது, தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. மில் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. உள்ளேயிருந்த பெண்கள் ஜன்னல் வழியே கைநீட்டி அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

முனீஸ்வரி அண்ணாந்து அந்த முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"புள்ளி வேணும்னா வச்சுக்கோங்க" என்றாள் கணவனிடம். "போட்டோ இதுதான் நல்லா இருக்கு."

சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள்.